லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது: எஸ்எஸ்டியைக் கழற்றலாமா, பூட்டலாமா, அழிக்கலாமா?

திரை உடைந்துவிட்டது, அல்லது சார்ஜ் ஏறவில்லை, அல்லது கீபோர்டில் காபி கொட்டிவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். ஜாப் ஷீட்டில் பாஸ்வேர்டையும் எழுதச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பதோ குடும்பப் படங்கள், ஆதார், பான் ஸ்கேன்கள், வருமான வரித் தாள்கள், அலுவலகக் கோப்புகள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். இவை எல்லாம் பெரும்பாலும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவில்தான் இருக்கும். ‘எஸ்எஸ்டியைக் கழற்றிட்டுக் கொடு’ என்கிறார் ஒருவர். ‘ஃபார்மட் அடிச்சிட்டுக் கொடு’ என்கிறார் இன்னொருவர். ‘அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கே, யாரு திறக்க முடியும்?’ என்கிறார் மூன்றாமவர். முதல் இரண்டும் இடத்துக்கு ஏற்பச் சரியாகவும் தவறாகவும் இருக்கும். மூன்றாவதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

விண்டோஸுக்குள் நுழையப் போடும் பாஸ்வேர்டு வாசல் காவல் மட்டுமே. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் யுஎஸ்பி வழியாகச் செருகினாலோ, அதே லேப்டாப்பை லினக்ஸ் (விண்டோஸ் அல்லாத வேறோர் இயங்குதளம்) உள்ள ஒரு பென்டிரைவிலிருந்து தொடங்கினாலோ அந்த வாசலுக்கே யாரும் போக வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் உங்கள் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் திறந்து கிடக்கும். பூட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: டிரைவில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் குறியாக்கம். அது உங்கள் லேப்டாப்பில் இருக்கிறதா இல்லையா என்பது பல வீடுகளில் யாருக்கும் தெரியாது.

இது தேவையற்ற பயமும் அல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆடியோ டிரைவரை (ஒலியை இயக்கும் மென்பொருளை) மட்டும் நிறுத்திவைத்து, ஒலி வரவில்லை என்று 16 இடங்களில் லேப்டாப்களைக் கொடுத்தார்கள். கோப்புகளைத் தொடத் தேவையே இல்லாத சில நிமிட வேலை. நடப்பதையெல்லாம் லேப்டாப் தானே பதிவுசெய்துகொண்டிருந்தது. திரும்பி வந்த பதிவுகளில், 6 இடங்களில் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அவற்றில் 2 இடங்களில் வெளியே நகலும் எடுத்திருந்தார்கள். நேர்மையாக வேலை செய்யும் டெக்னீஷியன்கள்தான் அதிகம். ஆனால் ஒரு லேப்டாப் கவுன்டரில் வாங்குபவர், அடுக்கிவைப்பவர், போர்டு (மதர்போர்டு) வேலைக்காக அனுப்பப்படும் வேறு கடை என்று பல கைகள் மாறும். அத்தனை பேரையும் நம்ப வேண்டிய நிலையில் உங்களை நீங்களே வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது?

ஐந்து கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. பழுது எங்கே? திரை, பேட்டரி, கீபோர்டு, சார்ஜிங் போர்ட், போர்டு என்றால் டெக்னீஷியனுக்கு உங்கள் விண்டோஸே வேண்டாம். விண்டோஸே கெட்டிருந்தால்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.
2. இப்போது இயங்குகிறதா? இயங்கினால் பூட்டவும் அழிக்கவும் முடியும். இயங்காவிட்டால் கழற்றுவது மட்டுமே மிச்சம்.
3. டிரைவ் கழற்றக்கூடியதா? போர்டிலேயே பற்றவைத்திருந்தால் கழற்றும் வழி அடைபடும்.
4. வேறொரு நகல் இருக்கிறதா? இல்லையென்றால் தனியுரிமைக்கு முன் அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். சர்வீஸில் கோப்புகள் திருடுபோவதைவிட அழிந்துபோவதே அடிக்கடி நடக்கும்.
5. வாரண்டி இருக்கிறதா? மூடியைத் திறக்கலாமா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

## எந்த வழியானாலும் முதல் அரை மணி நேரத்தில்

‘ஆன் ஆகவில்லை’ என்று சொல்லப்படும் லேப்டாப்களில் பல உண்மையில் ஆன் ஆகியே இருக்கும், திரைதான் செத்திருக்கும். வீட்டு டிவியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்திப் பாருங்கள். கீபோர்டு போயிருந்தால் ஒரு யுஎஸ்பி கீபோர்டு போதும். இப்படி உள்ளே போய்விட்டால் பேக்கப், குறியாக்கம், அழிப்பு மூன்றும் கைக்கு வந்துவிடும். விதிவிலக்கு தண்ணீர்: உள்ளே ஈரம் போயிருந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஈரமும் மின்னோட்டமும் சேர்ந்தால் போர்டின் தடங்கள் அரித்துப்போகும்.

அறவே இயங்காவிட்டாலும் போனிலிருந்து செய்ய வேண்டியவை உண்டு. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலிலிருந்து சைன் அவுட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் அவசரப்பட்டுச் சாதனத்தை நீக்காதீர்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ (பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவி எண்) அந்தச் சாதனத்தின் பெயரில்தான் அங்கே இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

## வழி 1: டிரைவைக் கழற்றிவிட்டுக் கொடுப்பது

தனியுரிமை என்ற அளவுகோல் ஒன்றை மட்டும் வைத்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கடையில் இல்லாததை யாரும் பார்க்க முடியாது. லேப்டாப் முழுவதும் செத்திருந்தாலும் செய்யலாம். கோப்புகள் தற்செயலாக அழியும் ஆபத்தும் இதில் இல்லை.

கடந்த சில ஆண்டுகளின் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எம்.2 வகை எஸ்எஸ்டிதான். 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் 2280 என்பார்கள். சிறியவை 2242, 2230. பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல சாட்டா டிரைவ். வேலை இப்படிப் போகும்:

- ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில் விண்டோஸ் பாதி உறக்கத்தில் நிற்கும். டிரைவை வேறு கணினியில் செருகினால் எழுத முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.
- சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்துங்கள்.
- அடிமூடிக்கு பெரும்பாலும் 0 அல்லது 00 அளவு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் போதும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேலே டச்பேடு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். ரப்பர் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை மறந்து மூடியை நெம்புகிறவர்கள்தான் கிளிப்புகளை உடைக்கிறார்கள்.
- உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. கம்பியை இழுக்காமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுங்கள்.
- எஸ்எஸ்டியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சிறு ஸ்க்ரூ. அதை எடுத்ததும் டிரைவ் சாய்வாக எழும்பி நிற்கும். அதே கோணத்தில் வெளியே இழுங்கள்.
- வெள்ளிநிற ஆன்டிஸ்டாட்டிக் கவரில் வையுங்கள். சாதாரண பாலித்தீன் கவர் நிலைமின்னை உண்டாக்கும்.

பலர் தவறுவது இங்கே: எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று என்று இரண்டு டிரைவ் உள்ள லேப்டாப்கள் நம்மிடம் நிறைய உண்டு. சி டிரைவ் எஸ்எஸ்டியில், படங்கள் எல்லாம் டி டிரைவில் என்றால் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றுவதில் பயனில்லை. இன்டெல் ஆப்டேன் (டிரைவை வேகப்படுத்தும் துணை நினைவகம்) சேர்ந்த லேப்டாப் என்றால் வேறொரு சிக்கல்: ஆப்டேனை முதலில் மென்பொருளில் முடக்காமல் டிரைவைப் பிரித்தால் தரவு குலையலாம்.

கழற்றிய டிரைவை மற்றொரு கணினியில் பார்க்க ஒரு யுஎஸ்பி உறை வாங்குங்கள். எம்.2-விலேயே என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு இனம் உண்டு. உறையும் அதே இனமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் உறைகளும் கிடைக்கின்றன. 2.5 அங்குல டிரைவுக்கு ஒரு சாட்டா–யுஎஸ்பி கேபிளே போதும். அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

மறைந்திருக்கும் செலவு. ‘டிரைவ் இல்லாமல் டெஸ்ட் செய்ய முடியாது’ என்று கடையில் சொல்வார்கள். இது பாதி உண்மை. திரை, பேட்டரி, மெமரி, விசிறி எல்லாவற்றையும் லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் சோதனை நிரல் பார்த்துவிடும்: டெல்லில் எஃப்12 மெனு, எச்பியில் எஃப்2. வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றை உபுண்டு என்ற லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவை வைத்துச் சோதிக்கலாம். அந்தப் பென்டிரைவை நீங்களே கொடுத்துவிட்டால் பேச்சு முடியும். வாரண்டி உள்ள லேப்டாப் என்றால் மூடியைத் திறக்குமுன் நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசி, பயனரே எஸ்எஸ்டியைக் கழற்றலாமா என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் இது மாறும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போர்டு மாற்றப்பட்டுத் திரும்பி வந்த லேப்டாப்பில் பழைய எஸ்எஸ்டியைப் போட்டதும் நீலத் திரை வந்து நிற்கும். டிரைவ் கெடவில்லை. புதிய போர்டின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரலில்) டிரைவோடு பேசும் முறையைக் குறிக்கும் விஎம்டி அல்லது ஏஎச்சிஐ அமைப்பு பழையதிலிருந்து மாறியிருக்கும். கொடுக்குமுன் பயாஸின் ஸ்டோரேஜ் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் விண்டோஸை மறுபடி போடச் சொல்லிவிடுவார்கள்.

யாருக்கு இது: போர்டு வேலை, தண்ணீர் சேதம், பல நாள் கடையில் கிடக்கப்போகும் எதுவும், வாரண்டி முடிந்த லேப்டாப், அறவே இயங்காத லேப்டாப்.

யாருக்கு இல்லை: எம் வரிசை சிப் உள்ள மேக்புக்குகள், 64 அல்லது 128 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பகத்தோடு வரும் மலிவு லேப்டாப்கள். இவற்றில் கழற்ற எதுவும் இல்லை.

## வழி 2: குறியாக்கம் செய்து பூட்டிக் கொடுப்பது

லேப்டாப் இயங்குகிறது, பழுது வன்பொருளில், மூடியைத் திறக்க மனமில்லை அல்லது முடியாது. அப்படியானால் இதுதான் வழி. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோமில் செட்டிங்ஸின் பிரைவசி அண்டு செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் இது பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. ஆகவே முதலில் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே பூட்டியே இருக்கலாம்.

பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் மகிழ்ச்சி வருமுன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தேடுங்கள். இந்த வழியின் மொத்தக் கனமும் அதன் மேல்தான். பிட்லாக்கரின் சாவி, போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்தது. சர்வீஸில் போர்டை மாற்றினால் டிபிஎம்மும் போய்விடும். திரும்பி வந்த லேப்டாப் முதல்முறை ஆன் ஆகும்போது நீலத் திரையில் ரெக்கவரி கீயைக் கேட்கும். பயாஸை அப்டேட் செய்தாலே சில நேரம் கேட்கும். அந்த 48 இலக்கம் இல்லையென்றால் டெக்னீஷியனாலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. உங்கள் படங்களைத் திருடரிடமிருந்து காத்த அதே பூட்டு உங்களையும் வெளியே நிறுத்திவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் கீ இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டு எது உங்களுடையது என்று பாருங்கள். தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். லேப்டாப் பையில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

புதிதாக ஆன் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

- ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பதைத் தேர்ந்தால் முன்பு நீக்கிய கோப்புகளின் எச்சம் பூட்டாமல் கிடக்கும். ‘முழு டிரைவ்’ என்பதைத் தேருங்கள்.
- பிட்லாக்கரைச் சி டிரைவுக்குப் போட்டால் டி டிரைவுக்குத் தானாக வராது. தனியாகப் போட வேண்டும்.
- 100 சதவீதம் முடிந்த பிறகு கொடுங்கள். பாதியில் நின்றால் மீதிப் பாதி திறந்தே இருக்கும்.
- கொடுக்கும்போது முழு ஷட்டவுன். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பின் மெமரியில் சாவி உயிரோடு இருக்கும்.

சில சென்டர்களில் ‘பிட்லாக்கரை ஆஃப் செய்து கொண்டுவாருங்கள்’ என்பார்கள். போர்டு மாறினால் வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவார் என்ற பயம் அவர்களுக்கு. ஆஃப் செய்தால் டிரைவ் முழுவதும் திறந்துவிடும். ‘சஸ்பெண்ட்’ செய்தாலும் சாவி டிரைவிலேயே திறந்தபடி வைக்கப்படும். இரண்டும் வேண்டாம். ‘ரெக்கவரி கீ என்னிடம் இருக்கிறது, திரும்ப வாங்கும்போது நானே போட்டுக்கொள்கிறேன்’ என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் பயமும் தீரும்.

மறைந்திருக்கும் செலவு. பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் குறியாக்கம் ஓர் இரவு முழுவதும் ஓடலாம். டிரைவே சாகும் நிலையில் இருந்தால் குறியாக்கம் தொடங்கவே கூடாது. முழு டிரைவையும் படித்து எழுதும் வேலை அது. நொண்டிக்கொண்டிருக்கும் டிரைவை அதுவே முடித்துவிடும்.

## வழி 3: பேக்கப் எடுத்து, அழித்துவிட்டுக் கொடுப்பது

பொதுவாக எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். சர்வீஸுக்கு இது பெரும்பாலும் மிகையான வைத்தியம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கும், மொத்த லேப்டாப்பையே மாற்றித் தரப்போகிறார்கள் என்பதற்கும், விண்டோஸே தீராத கோளாறாகி எப்படியும் புதிதாகப் போட வேண்டியதற்கும், டிரைவைக் கழற்ற முடியாத லேப்டாப்பை நீண்ட நாள் கொடுப்பதற்கும்தான் இது பொருத்தம்.

அழிப்பது என்றால் ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்வதோ விரைவு ஃபார்மட்டோ அல்ல. அவை புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றவை. அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கினார்கள். இயங்கிய 129-இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

விண்டோஸில் ரீசெட் திஸ் பிசி போய், ரிமூவ் எவ்ரிதிங் தேர்ந்து, சேஞ்ச் செட்டிங்ஸில் ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள். அந்தச் சிறு சுவிட்சைத் தவறவிடுகிறவர்களே அதிகம். ஹார்டு டிஸ்க்கில் ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும். 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டியில் மேலெழுதுவது அவ்வளவு நம்பத்தக்கதல்ல. தேய்மானத்தைச் சமமாகப் பரப்புவதற்காக எஸ்எஸ்டி தானாகவே வேறு வேறு செல்களில் எழுதும். பழைய செல் தொடாமல் கிடக்கலாம். அதற்கு பயாஸிலேயே இருக்கும் செக்யூர் ஈரேஸ், டேட்டா வைப் போன்ற கட்டளைதான் சரி. பல டெல், எச்பி, திங்க்பேட் மாடல்களில் உண்டு. பிட்லாக்கர் முன்பே முழு டிரைவுக்கும் இருந்திருந்தால் ரீசெட் செய்ததும் பழைய சாவி போய்விடும். மிஞ்சுவது படிக்க முடியாத குப்பைதான்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் மிக அதிகம். டாகுமெண்ட்ஸையும் படங்களையும் எடுத்துவிட்டு நிம்மதியாக அழிப்பார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் விட்டுப்போனவை நினைவுக்கு வரும்: பெரும்பாலும் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும் டேலி டேட்டா, அவுட்லுக்கின் மின்னஞ்சல்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, பிரவுசர் புக்மார்க்குகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டிடிபி வேலை செய்பவர்களின் பாமினி எழுத்துருக்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த கீபோர்டு அமைப்புகள், ஒரே கணினிக்கு உரிமம் வாங்கிய பழைய மென்பொருள். ஒரு கட்டளையில் அழித்ததைத் திரும்ப அமைக்க இரண்டு நாள் போகும். அழிக்குமுன் பேக்கப் இரண்டு இடத்தில் இருக்கட்டும். அதிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நகலெடுத்ததாகக் காட்டித் திறக்காமல் போகும் பேக்கப் அரிதல்ல.

## வழி 4: பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடித்து வாங்குவது

பேட்டரி, கீபோர்டு, திரை, ராம், விசிறி சுத்தம் செய்வது, கீல் மாற்றுவது எல்லாம் பாகம் கையிலிருந்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேர வேலை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் உங்கள் கண் முன்னே மாற்றித் தரும் கடைகள் உண்டு. ஆன்சைட் வாரண்டி இருந்தால் டெக்னீஷியன் வீட்டுக்கே வருவார். எதையும் கழற்றவோ அழிக்கவோ வேண்டாம். பாஸ்வேர்டும் வேண்டாம், ஆன் செய்ததும் வரும் லாகின் திரை வரை பார்த்தாலே திரையும் பேட்டரியும் சரியா என்பது தெரிந்துவிடும். உள்ளே போக வேண்டுமென்றால் பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள்.

பென்டிரைவ் செருகினால் எதற்கு என்று கேளுங்கள். ஆன்சைட்டில் போர்டு மாற்றியதும் வரிசை எண்ணை அதில் எழுத ஒரு பென்டிரைவ் தேவைப்படும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் நடக்கும் நியாயமான வேலை அது. லாகின் செய்த விண்டோஸில் பென்டிரைவைச் செருகிக் கோப்புகளை இழுத்துப் போடுவதற்கு எந்த வன்பொருள் பழுதிலும் வேலையில்லை.

இதன் செலவு உங்கள் அரை நாள்தான். கெட்டுப்போகும் இடமும் ஒன்றே: ‘பார்ட் இல்லை, வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்.’ அங்கேயே இந்த வழி முடிந்துவிடுகிறது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், பாகம் வந்ததும் திரும்பப் போகலாம். போனிலேயே பாகம் இருக்கிறதா என்று மாடல் எண்ணோடு கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

## வழி 5: ‘சர்வீஸ்’ என்று தனி யூசர் கணக்கு

தனியாக வைத்தால் இது அரைகுறைப் பாதுகாப்பு. ஸ்டாண்டர்டு கணக்கு உங்கள் ஃபோல்டரைத் திறக்காது என்பது சரி. ஆனால் டிரைவர் போட அட்மின் உரிமை கேட்பார்கள். அட்மின் கணக்குக்கு உங்கள் ஃபோல்டரைத் திறப்பது ஒரு கிளிக். குறியாக்கமும் இல்லையென்றால் லினக்ஸ் பென்டிரைவ் இந்த வேலியையும் தாண்டிவிடும். போன்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு: சாம்சங் 2022-இலும் பிக்சல் 2023-இலும் சர்வீஸுக்கான தனி முறையைக் கொண்டுவந்தன. விண்டோஸில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே குறியாக்கத்தோடு சேர்த்து, மென்பொருள் பழுதுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மிக அந்தரங்கமான கோப்புகளை அதற்குமுன் வெளி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

## டிரைவே பழுதானால்

மேலே சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகும். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் தட்டின் பரப்பைச் சுரண்டலாம். தரவு மீட்பு நிலையத்தில் கோப்புகளைப் பார்க்காமல் மீட்க முடியாது. அங்கே இரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி வாங்குவதும், மீட்டதன் நகலை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று கேட்பதும் மட்டுமே உங்கள் கையில் உள்ளவை.

வாரண்டியில் டிரைவை மாற்றித் தருகிறவர்கள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ‘செத்த டிரைவ்தானே’ என்று விடாதீர்கள். சர்க்யூட் செத்திருக்கலாம், தட்டில் தரவு அப்படியே இருக்கும். டெல், எச்பி, லெனோவா மூன்றிலும் பழுதான டிரைவை நீங்களே வைத்துக்கொள்ளத் தனிக் கட்டணச் சேவை உண்டு. லேப்டாப் வாங்கும்போது சேர்க்க வேண்டியது அது. மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர் ஆகியோர் அடுத்தவர் இரகசியத்தையும் சுமக்கிறவர்கள். அவர்கள் இதை விடக் கூடாது.

## மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு

எம் வரிசை சிப் மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியது. போர்டு மாறினால் தரவும் போச்சு; மீட்க வழியில்லை. டைம் மெஷின் பேக்கப் இல்லாமல் கவுன்டருக்குப் போகவே வேண்டாம். மேக்கின் குறியாக்க வசதியான ஃபைல்வால்ட்டை ஆன் செய்வது இவற்றில் உடனே முடியும், ஏனெனில் சேமிப்பகம் ஏற்கெனவே குறியாக்கத்தில்தான் இருக்கிறது. ஃபைல்வால்ட் அந்தச் சாவியை உங்கள் பாஸ்வேர்டோடு கட்டிவைக்கிறது, அவ்வளவே. 2021-இல் வந்த மேக்ஓஎஸ் மான்டெரே பதிப்பு முதல் ‘ஈரேஸ் ஆல் கன்டென்ட் அண்டு செட்டிங்ஸ்’ சில நிமிடங்களில் எல்லாவற்றையும் அழித்துவிடும். பேக்கப் கையில் இருந்தால் மேக்புக்குக்கு வழி 3-ஏ எளிது. விண்டோஸுக்குச் சொன்ன முன்னுரிமை இங்கே மாறுகிறது. தொலைந்த சாதனத்தைக் கண்டுபிடிக்கும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்கச் சொல்வார்கள். அதை நீங்களே செய்யுங்கள், ஆப்பிள் கணக்குப் பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| நிலைமை | முதல் தேர்வு | அது முடியாவிட்டால் | மறக்கக் கூடாதது |
|---|---|---|---|
| ஆன் ஆகவில்லை, வாரண்டி இல்லை | வழி 1 | வழி 4 | இரண்டாவது டிரைவ் |
| ஆன் ஆகவில்லை, வாரண்டி உண்டு | அனுமதி வாங்கி வழி 1 | ஆன்சைட் கேட்பது | ரெக்கவரி கீ |
| திரை, கீபோர்டு, பேட்டரி | வழி 4 | வழி 2 | பாகம் இருப்பு |
| போர்டு மாற்றம், லேப்டாப் இயங்குகிறது | வழி 1 | வழி 2 | பயாஸ் படம், 48 இலக்கம் |
| விண்டோஸ் கோளாறு | வழி 3 | வழி 2-உம் 5-உம் சேர்த்து | டேலி, பிஎஸ்டி |
| தண்ணீர் சேதம் | வழி 1 | — | ஆன் செய்யாதிருப்பது |
| மேக்புக், இயங்குகிறது | வழி 3 | ஃபைல்வால்ட் | டைம் மெஷின் |

## கவுன்டரில்

பாஸ்வேர்டை ஜாப் ஷீட்டில் எழுதாதீர்கள். அந்தத் தாள் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு எல்லா மேசைகளுக்கும் போகும். விண்டோஸில் உங்கள் பாஸ்வேர்டு மைக்ரோசாஃப்ட் கணக்குடையது என்றால் அதைக் கொடுப்பது மின்னஞ்சலையும் ஒன்டிரைவையும் சேர்த்துக் கொடுப்பதாகும். தவிர்க்கவே முடியாவிட்டால் பின் எண்ணைக் கொடுங்கள். அது அந்த லேப்டாப்பில் மட்டுமே செல்லும். ஆனால் குரோமிலும் எட்ஜிலும் சேமித்த பாஸ்வேர்டுகளை அந்தப் பின் எண்ணே காட்டிவிடும். முதலில் பிரவுசரிலிருந்து சைன் அவுட் செய்து, சேமித்தவற்றையும் நீக்கிவிடுங்கள்.

ஜாப் ஷீட்டில் இருக்க வேண்டியவை: லேப்டாப் வரிசை எண், ராம் அளவு, எஸ்எஸ்டியின் வரிசை எண் அல்லது ‘எஸ்எஸ்டி இல்லாமல் பெறப்பட்டது’ என்ற வரி, பழுதின் விவரம், ‘டேட்டாவைத் திறக்க அனுமதியில்லை’ என்ற வரி. இந்தக் கடைசி வரி வெறும் சடங்கல்ல. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். தீய நோக்கத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி தரவில்லை என்பது எழுத்தில் இருந்தால் புகாரின் முதல் கேள்விக்கே பதில் தயார்.

## திரும்ப வாங்கியதும்

கடையிலேயே ஆன் செய்து ராம் அளவையும் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணையும் ஜாப் ஷீட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வீட்டில் யூசர் கணக்குகளின் பட்டியலைத் திறந்து புதிதாக ஏதும் இருந்தால் நீக்குங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைநிலை மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா, ஆன்டிவைரஸில் ‘விலக்கு’ பட்டியலில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் நிரல்களைப் போடுகிறவர்கள் இந்த விலக்கைச் சேர்ப்பதுண்டு. போர்டு மாறியிருந்தால் பழைய பின் எண் செல்லாது; கணக்குப் பாஸ்வேர்டைப் போட்டுப் புதிதாக அமைக்க வேண்டும். டிரைவை உள்ளே வைத்துப் பூட்டாமல் கொடுத்திருந்தால் மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மாற்றுவது வேறொரு சாதனத்திலிருந்து இருக்கட்டும்.